சனிக்கிழமை லீவு எடுக்குற நிழல்

"யாரது என் வெயில மறைக்கிறது?"

தெனம் காலைல பானா லிம்பானி வாயத் தொறந்தா மொதல்ல வர்றது இதுதான். ஊரெல்லாம் "நல்லா எந்திரிச்சியா"ன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டுப் போகும். இவளுக்கு அதெல்லாம் கெடையாது. ஆறு அடிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சுன்னா வேலிக்கு அந்தப் பக்கம் நோட்டும் கையுமா வந்து நிப்பா. கரையான் புத்து மேல ஏறி நின்னு போர்வை காயப்போட்டுக்கிட்டு இருக்கிற என்னை அண்ணாந்து பாத்து ஒரு கத்து.

"வெயிலு என்ன, உங்கப்பன் உங்க ஊரு சிபாட்டாவுலேருந்து மூட்டை கட்டிக் கொண்டாந்ததா?" ன்னு நான் கேப்பேன்.

"எங்கப்பன் கொண்டாந்தது சுட்ட எலி. அதுலயும் ஒனக்கு ஒரு வால் கூட கெடையாது. போர்வைய எடுடி, குரங்கு தின்னி!"

"எடுக்க முடியாது, எலி தின்னி!"

இதக் கேட்டுட்டு சண்டைன்னு நெனைச்சு ஓடி வந்தீங்கன்னா நீங்க வெளியூரு. அவ ங்கோனி, நான் பெம்பா. எங்க ரெண்டு குலத்துக்கும் கேலி முறை. முன்னோருங்க ஈட்டிய வச்சு குத்திக்கிட்டாங்க, நாங்க வாயால குத்திக்கிறோம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. எழவு வீட்டுல பொணத்தப் பாத்துக்கூட கேலி பேசலாம், அவ்வளவு உரிமை.

அவ பேரு டியாமிக்கே ஜெரே. மூத்தவன் லிம்பானி, அதனால அவ பானா லிம்பானி, லிம்பானியோட அம்மா. என் மூத்தவ மலாமா, அதனால நான் பானா மலாமா. பெத்தவள பேரச் சொல்லிக் கூப்பிடுற பழக்கம் எங்க ஊரு என்டோலாவுல இல்ல.

அவளுக்கு வேலை, எங்க ஊர்ல அடிக்கிற வெயிலயும் பெய்யுற மழையயும் அளந்து எழுதி வைக்கிறது. எங்க வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புல்லு மைதானம். அதுல வெள்ளையடிச்ச மரப்பெட்டி, உள்ள தெர்மாமீட்டர். மழைத் தண்ணி புடிக்கிற செம்பு டப்பா. காத்துக்குச் சுத்துற கிண்ணம். இதெல்லாம் இருக்கட்டும். அவ உசுரு இருக்கிறது ஒரு கண்ணாடிக் குண்டுல.

பெரிய மாம்பழம் அளவு இருக்கும். ஒரு தூண் மேல உக்காந்திருக்கும். அதுக்குப் பின்னாடி நீல அட்டை ஒண்ண சொருகி வைப்பா. வெயில் அந்தக் குண்டு வழியா பூந்து அட்டையக் கருக்கும். சூரியன் நகர நகர அந்தக் கருகலும் கோடா நகரும். மேகம் வந்தா கோடு நிக்கும், மேகம் போனா மறுபடி ஓடும். சாயங்காலம் அட்டைய எடுத்துப் பாத்தா அன்னிக்கு எத்தனை மணி நேரம் வெயில் அடிச்சதுன்னு சூரியனே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும். இதுல ஒரே ஒரு சட்டம். பொழுது சாஞ்ச ஒடனே பழைய அட்டைய எடுத்துட்டுப் புதுசு போடணும். நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்னு சோம்பல் பட்டா மறுநாள் வெயிலும் பழைய அட்டையிலயே விழுந்துரும். ரெண்டு நாளும் நாசம்.

இருபத்தாறு வருஷமா ஒரு பொழுது அவ தவறவிடல. நான் சும்மா சொல்லல. நான் வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா ஓய்வுநாள் அனுசரிக்கிறவ. சனிக்கிழமை பொழுது சாயுற வரைக்கும் அடுப்பு பத்தவைக்க மாட்டோம், துணி தொவைக்க மாட்டோம். எங்க வீட்டுல கடிகாரம் நின்னு நாலு வருஷம் ஆச்சு. பானா லிம்பானி அட்டை மாத்தப் போறது தெரிஞ்சா நான் அடுப்ப அணைச்சிருவேன். எங்க சபை பாஸ்டர் கடிகாரத்தவிட அவ காலு நேரம் தப்பாது.

அவ புருஷன் செத்தப்ப நான் இங்க குடிவந்து ஒரு வருஷம் கூட ஆகல. உங்க ஊர்ல தாலி அறுத்தவளுக்கு இருக்கிற மாதிரி எங்க ஊர்லயும் விதவைக்கு ஆயிரம் கட்டுப்பாடு. வீட்டுக்குள்ள தரையில பாய் போட்டு ஒக்கார வச்சிருவோம். புருஷன் வீட்டு சனம் விடுற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது. நாங்க பொம்பளைங்க எல்லாம் சுத்தி ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்தோம். பொழுது சாஞ்சுது. அவ எந்திரிச்சா. சித்தேங்கே துணிய இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டா. யார் மூஞ்சியும் பாக்காம வெளிய போனா. அட்டைய மாத்தினா. பென்சில்ல தேதி எழுதினா. திரும்ப வந்து அதே எடத்துல ஒக்காந்து, விட்ட எடத்துலேருந்து அழுதா.

"புருஷன் பொணம் இன்னும் மண்ணுக்குள்ள போகல, இவளுக்கு அட்டை கேக்குது"ன்னு அவ நாத்தனார்காரி முணுமுணுத்தா. நானும் தலையாட்டினேன். இன்னிக்கு நெனச்சா என் தலையில நானே குட்டிக்கணும் போல இருக்கு.

சரி, நான் ஏன் போர்வைய அங்க காயப்போட்டேன்னு சொல்லிடுறேன். எங்க குழாய்ல தண்ணி விடியக்காலம் நாலுலேருந்து ஆறு வரைக்கும்தான். அதுக்குள்ள தொவைச்சாதான் உண்டு. என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு ஆலைல வேலை. அவர் சட்டைய ஒதறினா அடுத்த வீட்டுக்கே வெள்ளையடிக்கலாம். அஞ்சு பிள்ளைங்க, அதுல கடைசி ரெண்டும் ரெட்டை, ராத்திரி ஆனா ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டுப் பாயை நனைக்கும். தெனம் போர்வை. கீழ காயப்போட்டா ஆடு திங்கும். கரையான் புத்து ஒரு வீடு ஒசரம் இருக்கு, மேல ரெண்டு கம்பு நட்டுக் கொடி கட்டினேன். நல்ல காத்து. புத்து சரிவுல பூசணிக்கொடி, அடிவாரத்துல சமையல் கொட்டகை. ஏழு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு.

குளிர் காலத்துல ஒரு தொந்தரவும் இல்ல, சூரியன் வேற பக்கமா எந்திரிக்கும். அக்டோபர் பொறந்து கோடை வந்துட்டா சூரியன் நேரா என் கொடிக்குப் பின்னாடிதான் வரும். போர்வை நிழல் போய் அந்தக் குண்டு மேல விழும். ஆறு பத்துக்கு நான் போர்வை போடுவேன், ஆறு அம்பது வாக்குல சூரியன் கொடிக்கு மேல ஏறிடும். அந்த நாப்பது நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு கத்தல். நாப்பது நிமிஷ வெயிலு போனா குடியா முழுகிப் போச்சுன்னு நான் நெனச்சேன்.

ஆனா ஊர் சனம் அவகிட்ட அந்த வெயிலத்தான் கேட்டு வரும். கல்யாணம் பண்ணின நாள், பிள்ளை பொறந்த நாள், ஆத்தா செத்த நாள். தேதி சொன்னா போதும். பால் பவுடர் டப்பா அடுக்கி வச்சிருப்பா, ஒவ்வொண்ணுலயும் மாசம் மாசமா சைக்கிள் டியூப் ரப்பர் போட்டுக் கட்டின அட்டைங்க. உருவி எடுத்துக் கையில குடுப்பா. "இந்தா, உன் மவன் பொறந்தப்ப காலைல வெயில், பதினொரு மணிக்கு மேகம், ரெண்டு மணிக்கு மறுபடி வெயில்." ஒரு தடவ ஒரு பெரிய லாரி டிரைவர் அவன் ஆத்தா செத்த நாளு அட்டைய வாங்கி, கருகின கோட்ட வெரலால தடவிக்கிட்டே நின்னான். "அன்னிக்கு வெயில் அடிச்சுதா? எனக்கு இருட்டாத்தான் ஞாபகம்"ன்னான். அவ அட்டைய வாங்கித் திரும்ப அதே எடத்துல சொருகினா.

அப்புறம் எங்க நாட்டுச் சுதந்திர தினம் ஒண்ணு வந்துச்சு. அக்டோபர் இருபத்தி நாலு. அன்னிக்கு மழை வராம இருக்காதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. அந்த வருஷம் அது சனிக்கிழமைல விழுந்துச்சு. பெஞ்சுல ஒக்காந்தா சுட்டுச்சு. கோழி வாயப் பொளந்துக்கிட்டு நிழல்ல படுத்துக்கிச்சு. சபைல பாட்டு பாடினவங்க பாட்டுப் புத்தகத்தால விசிறிக்கிட்டே பாடினாங்க. கொடி ஏத்துன மைதானத்துல ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைங்க மயங்கி விழுந்துச்சுங்க. மழையாவது மண்ணாவது, வானத்துல தேடினாலும் ஒரு மேகம் இல்ல.

சாயங்காலம் பானா லிம்பானி வேலிகிட்ட வந்து என்னைக் கூப்பிட்டா. கத்தல. மெதுவாக் கூப்பிட்டா. அதுவே எனக்குப் பயமா இருந்துச்சு.

"இங்க வா. இதப் பாரு."

அட்டை. இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடு. தையல் மிஷின்ல ஓட்டின மாதிரி, எங்கயும் அறுபடல.

"பதினொண்ணே முக்கா மணி நேரமும் கொஞ்சமும் வெயிலு. பெட்டிக்குள்ள முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல. நான் வந்ததுலேருந்து இப்படி ஒரு நாள் இல்ல, பானா மலாமா. எனக்கு முன்னாடி இருந்தவங்க அட்டையிலயும் இல்ல."

"அதுக்கு எனக்கென்ன?"

"ஒனக்கென்னவா? நீ இன்னிக்குப் புத்து மேல ஏறலையே, அதான்." சொல்லிட்டுச் சிரிச்சா. எனக்கு அப்ப அது கேலின்னுதான் பட்டுச்சு.

மறு வருஷம் மார்ச் மாசம் பெரிய ஆபீஸ்லேருந்து ஒரு ஆளு வந்தாரு. சிட்வாலான்னு பேரு. லோசிக் குலத்துக்காரர். கஞ்சி போட்டுத் தேய்ச்ச சட்டை, மரியாதையான பேச்சு. ஊரோட முப்பது வருஷ வெயில் மழைய ஒரே புத்தகமா அச்சுப் போடப் போறாங்களாம். அதுக்கு ஒவ்வொரு அட்டையா சோதிக்கணும். மாமரத்தடில மேசையப் போட்டு டப்பா டப்பாவா அட்டைங்களப் பரப்பினாங்க. மூணு நாள் பாத்தாரு. மூணாவது நாள் காலைல பத்து மணி இருக்கும், நான் காஞ்ச துணிய எடுக்கப் புத்து மேல ஏறினேன். மேல நின்னா மாமரத்தடில பேசுறது தெளிவாக் கேக்கும்.

"அம்மா, காலைல கோடு அறுந்து கெடக்கே, இந்த ஓட்டை என்ன?"

"நிழல் சார். பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

"எல்லா அட்டையிலயும் நிழல் நிழல்னுதான் எழுதியிருக்கு. ஏழு வருஷமா. கோடையில மட்டும். ஆறு பத்துலேருந்து ஆறு அம்பது. மரமா?"

"இல்ல சார்."

"கட்டடமா?"

"இல்ல சார்."

"சனிக்கிழமை அட்டைல மட்டும் ஓட்டை இல்ல. எந்த நிழல்மா வாரத்துல ஒரு நாள் லீவு எடுக்கும்?"

கார்ல சாஞ்சுக்கிட்டு நின்ன டிரைவர் கெக்கேபிக்கேன்னு சிரிச்சான். பானா லிம்பானி பேசல. எதுக்கும் ரெண்டு வார்த்தை கூடவே வச்சிருக்கிற வாய் அது. கைய ரெண்டயும் கோத்துக்கிட்டு, புல்லப் பாத்துக்கிட்டு நின்னா.

"நான் சொல்றேன், தப்புன்னா சொல்லுங்க," ன்னாரு அவரு. கோவமா இல்ல, வருத்தமாத்தான் சொன்னாரு. "அட்டைய சாயங்காலம் மாத்துறதில்ல. காலைல ஆறு பத்துக்கு வந்து எடுத்துட்டு, சாவகாசமா ஆறு அம்பதுக்கு வேற சொருகுறீங்க. வாரத்துல ஒரு நாள்தான் ஒழுங்கா மாத்தியிருக்கீங்க. ஒவ்வொரு அட்டைலயும் ரெண்டு நாள் வெயில் கலந்து கெடக்கு. இத நான் எப்படி அச்சுக்குக் குடுப்பேன்? ஏழு வருஷத்தயும் அடிச்சிட்டு, கவனக்குறைவுன்னு எழுதணும். அந்தச் சுதந்திர தினத்து அட்டையும் சேத்துத்தான்."

"அந்த அட்டைல ஓட்டை இல்லியே சார்." இது ஒண்ணுதான் அவ சொன்னது.

"மத்தத நம்ப முடியலன்னா அத மட்டும் எப்படிம்மா நம்புறது?"

சிவப்புப் பேனா மூடியக் கழட்டினாரு.

எனக்கு மேல நின்னபடியே எல்லாம் வெளங்கிடுச்சு. அவ ஏன் வாயத் தொறக்கலன்னு. அந்தக் கருவிங்களச் சுத்தி இத்தனை தூரத்துக்கு ஒசரமா ஒண்ணும் நிக்கக் கூடாது, அது சட்டம். கரையான் புத்து வேலிக்கு எங்க பக்கம் இருந்தாலும் அவங்க ஆபீஸ் நெலம். என் கொடி, என் பூசணி, என் சமையல் கொட்டகை எல்லாமே அந்த எல்லைக்குள்ள. "பக்கத்து வீட்டுக்காரி போர்வை"ன்னு நோட்டுல ஒரு வரி எழுதியிருந்தா, மறு வாரமே ஆளு வந்து எல்லாத்தயும் இடிச்சுத் தள்ளியிருப்பாங்க. ஏழு வருஷமா வாயால என்னை வெளுத்து வாங்கினவ, பேனாவால ஒரு எழுத்து என் பேர எழுதல. வெறும் நிழல். அவ்வளவுதான் எழுதியிருக்கா.

துணிய அள்ளின கையோட எறங்கினேன். பூசணிக்கொடிய மிதிச்சுக்கிட்டு வேலிய தாண்டிப் போனேன்.

"சார், பேனாவ மூடுங்க. அந்தச் சனிக்கிழமை லீவு எடுக்குற நிழல் நான்தான்."

பானா லிம்பானி தலையத் தூக்கினா. "நீ எதுக்குடி வந்த? துணியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ!"

"நீ சும்மா இரு. வாய் வேண்டிய நேரத்துல அதத் தொலைச்சிட்டு நிக்கிற."

சிட்வாலா என்னையும் என் கைல இருந்த போர்வையயும் பாத்தாரு. "அம்மா, சிநேகிதிக்காக வந்து பேசுறீங்க, நல்ல மனசு. ஆனா..."

"சிநேகிதியா? இந்த எலி தின்னிக்கும் எனக்கும் என்ன சிநேகம்? நான் ஓய்வுநாள்காரி சார். சனிக்கிழமை தொவைக்க மாட்டேன். மத்த ஆறு நாளும் ஆறு மணிக்கு மேல அந்தப் புத்து மேல என் போர்வை தொங்கும். நம்பிக்கை இல்லியா? அட்டைங்கள நீங்களே வச்சுக்குங்க. எனக்குக் காட்டாதீங்க. கோடையில எந்தெந்த நாளு நான் தொவைக்கலன்னு சொல்றேன். அன்னிக்கு ஓட்டை இருக்கான்னு பாருங்க."

அவரு ஒரு நிமிஷம் யோசிச்சாரு. அட்டைங்கள என் பக்கம் தெரியாம திருப்பிக்கிட்டாரு. "சொல்லுங்க."

"மூணு வருஷம் முந்தி, நவம்பர் மொத வாரம். லுவான்ஷாவுல என் நாத்தனார் புருஷன் செத்துட்டாரு. திங்கக்கெழமை போனேன், வியாழக்கெழமை வரைக்கும் எழவு வீட்டுத் தரையிலதான் படுத்துக் கெடந்தேன்."

"வீட்டுல வேற யாரும் தொவைக்கலையா?"

"என் வீட்டுக்காரரா? அவரு அழுக்குச் சட்டைய மோந்து பாத்து மாட்டிக்கிட்டுப் போற ஆளு."

நாலு அட்டை. நாலுலயும் கோடு அறுபடாம ஓடுச்சு. டிரைவர் காரை விட்டுட்டு மேசைகிட்ட வந்தான்.

"அதுக்கு மின்ன வருஷம், அக்டோபர் மூணாவது வாரம். ரெட்டைப் பிள்ளை பொறந்துச்சு, அஞ்சு நாள் ஆஸ்பத்திரி."

அஞ்சு அட்டை. அஞ்சும் சுத்தம்.

"போன நவம்பர்ல ஒரு புதன்கிழமை. தேதி ஞாபகமில்ல, மாசக் கடைசி. கொடிக்கயிறு அறுந்துச்சு. போட்டு அஞ்சு நிமிஷம் கூட ஆகல, போர்வை பூராவும் பூசணி மேல. ஓட்டை சின்னதா இருக்கும்."

தேடினாரு. எடுத்தாரு. கண்ணாடிய நெத்தில ஏத்திக்கிட்டுப் பாத்தாரு. நகம் அளவு ஓட்டை, அவ்வளவுதான்.

"அட, இவங்க அழுக்குத் துணிக் கணக்கு கூட அட்டைல வரிசையா இருக்கே சார்!" ன்னான் டிரைவர்.

எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. பானா லிம்பானியப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல. அட்டைங்களையே பாத்துக்கிட்டு இருந்தா, கொஞ்சம் கலவரமா. ஏன்னு அடுத்த நிமிஷம் புரிஞ்சுது.

"இது என்ன?" ன்னு ஒரு அட்டையத் தூக்கினாரு சிட்வாலா. "போன நவம்பர், பதினாலு. சனிக்கிழமை. ஓட்டை இருக்கே. முழு ஓட்டை."

அந்தச் சனிக்கிழமை எனக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு.

நாங்க சபைல ஒரு பொம்பளைங்க கூட்டம் வச்சிருக்கோம், ஏழை எளியதுக்குத் துணி தைச்சுக் குடுக்கிற கூட்டம். அதுக்கு நான்தான் தலைவி. அந்த வருஷம் ஆகஸ்ட்டுல ஒருத்தி சனிக்கிழமை பிள்ளைத் துணிய அலசிப் போட்டான்னு அவள எழுப்பி நிக்க வச்சுக் கேட்டவ நான். ஒரு மாசம் கூட்டத்துக்கு வராதேன்னு சொன்னதும் நான்தான். மூணு மாசம் கழிச்சு என் ரெட்டைங்க ரெண்டுக்கும் ராத்திரி பூரா வயித்தாலப் போச்சு. வீட்டுல இருந்த அத்தனை போர்வையும் நாறிப்போச்சு. விடிஞ்சா சனிக்கிழமை. சபைக்காரங்க குடியிருக்கிறது ஊருக்கு அந்தப் பக்கம், புத்து மேல போட்டா அவங்களுக்குத் தெரியாது. தொவைச்சேன். போட்டேன். காயுறதுக்குள்ள எடுத்துட்டேன். அன்னிக்கு மத்தியானம் சபைல ஓய்வுநாளப் பத்தி வசனம் வேற வாசிச்சேன்.

ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேன். தெரிஞ்சிருக்கு. சூரியனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு.

"மேகமா இருக்கும் சார்," ன்னா பானா லிம்பானி, சட்டுன்னு.

எனக்குத் தெரிஞ்சு அவ வெயிலப் பத்திச் சொன்ன மொத பொய் அது. எனக்காக. சிட்வாலா முகம் மாறிச்சு. "நீங்களே பக்கத்துல நிழல்னு எழுதியிருக்கீங்களேம்மா. இப்ப மேகம்ங்கிறீங்க. இதுல எத நான் எடுத்துக்கிறது?"

ஒரு பொய்யில அவ பூரா உண்மையும் கவுந்துரும்னு எனக்குத் தெரிஞ்சுது.

"மேகம் இல்ல சார். போர்வைதான். அன்னிக்குத் தொவைச்சேன்."

"சனிக்கிழமை தொவைக்க மாட்டேன்னீங்க?"

"மாட்டேன்னுதான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பிள்ளைங்களுக்கு வயித்தாலப் போச்சு. தொவைச்சேன். ஒரே தடவ. இதே தப்புக்கு இன்னொருத்திய ஒரு மாசம் கூட்டத்தவிட்டுத் தள்ளி வச்சிருக்கேன். நான் பொய்க்காரி சார். அந்த அட்டை இல்ல. அட்டைல இருக்கிறதுதான் நடந்தது."

சிட்வாலா அந்தச் சனிக்கிழமை அட்டைய ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் பேனாவ மூடிப் பாக்கெட்ல சொருகினாரு.

"நான் இவங்களக் காப்பாத்த வந்து பேசுறீங்கன்னு நெனைச்சேன். காப்பாத்த வர்றவங்க தன்னைத் தானே மாட்டிவிட மாட்டாங்க." பானா லிம்பானி பக்கம் திரும்பினாரு. ஒக்காந்திருந்தவரு எந்திரிச்சு நின்னாரு. லேசா கையத் தட்டினாரு, எங்க ஆளுங்க பெரியவங்களுக்குச் செய்யுற மரியாதை. "அம்மா, பக்கத்து வீட்டுத் தொவைக்கிற கெழமைய கூடப் பிசகாம எழுதி வச்சிருக்கீங்க. இந்த அட்டைங்கள சந்தேகப்பட்டதுக்கு என்னை மன்னிச்சிருங்க. ஒண்ணு கூட அடிக்க மாட்டேன்."

அவ மேசை மேல கெடந்த சுதந்திர தினத்து அட்டைய எடுத்து, சித்தேங்கே நுனியால தொடைச்சு, டப்பாவுல அதோட எடத்துல வச்சா. அதுக்கப்புறம்தான் அவ கண்ணுல தண்ணி வந்துச்சு.

"வெயிலு," ன்னா. "கண்ணு கூசுது."

"நிழல்ல நின்னுக்கிட்டு என்னடி வெயிலு?" ன்னேன் நான்.

சட்டம் சட்டம்தானே, கொடிய எடுக்கச் சொல்லிட்டாரு. பூசணியும் கொட்டகையும் தாழ்வா இருக்கு, அதனால ஒண்ணும் இல்லன்னாரு. மறுநாள் விடியக்காலம் கதவத் தொறக்குறேன், பானா லிம்பானி கடப்பாரையோட நிக்கிறா. வீட்டுக்கு மேக்குப் பக்கமா ரெண்டு குழி தோண்டி, என் கம்ப நட்டு, கயிறையும் இழுத்துக் கட்டிட்டுத்தான் போனா. "இங்க போடு. இங்க போட்டா உன் போர்வை உன் புருஷனத்தான் மறைக்கும். ஊருக்கு நல்லது."

நான் பேச வேண்டிய ஆள் ஒருத்தி பாக்கி இருந்தா. அடுத்த சனிக்கிழமை சபைல எந்திரிச்சு, ஆகஸ்ட்டுல தள்ளி வச்சவ முன்னாடி நின்னு, நான் செஞ்சதச் சொன்னேன். தலைவி வேலையும் வேணாம்னுட்டேன். அவ "எந்தச் சோப்பு போட்ட?" ன்னு மட்டும் கேட்டா. சபையே சிரிச்சிருச்சு.

புத்தகம் அச்சாகி வந்துச்சு. கனமான புத்தகம், படிக்க ஒண்ணும் இல்ல, வெறும் எண்ணா இருக்கு. ஆனா அக்டோபர் இருபத்தி நாலுன்னு இருக்கிற வரியப் பாத்தீங்கன்னா அந்த நாள் வெயில் அப்படியே இருக்கு, ஊருலயே அதிகம்னு ஒரு நட்சத்திரக் குறியோட. அந்தப் பக்கத்துக்கு அடில பொடி எழுத்துல இன்னொரு வரி: ஏழு கோடைகளில் காலை ஓட்டை, பக்கத்து வீட்டுப் போர்வை நிழல், சனிக்கிழமை நீங்கலாக. என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல அதக் காட்டி அம்மா போர்வை புத்தகத்துல வந்துருக்குன்னு பீத்திக்கிட்டுத் திரியுதுங்க. நானும் பீத்திக்கிறேன். ஆனா என் போர்வைக்காக இல்ல. எனக்குத் தெரிஞ்சு எத்தனையோ பேரு பெரிய நாற்காலில ஒக்காந்து பொய் எழுதுறாங்க. இவ புல்லுல நின்னுக்கிட்டு, புருஷன் செத்த அன்னிக்கும், பக்கத்து வீட்டுக்காரிய காப்பாத்தின அன்னிக்கும், நடந்தது நடந்தபடி எழுதினா. எங்க தெருவுல பொறந்த எந்தப் பிள்ளை இன்னிக்குப் போய் அவளக் கேட்டாலும், நீ பொறந்தப்ப வெளிச்சம் இவ்வளவுன்னு கையில குடுப்பா.

கொடி போயி இப்ப அஞ்சு வருஷம். இன்னமும் தெனம் காலைல வேலிகிட்ட வந்து நின்னு கத்துறா, "யாரது என் வெயில மறைக்கிறது?" ன்னு. ஒண்ணும் மறைக்கல. ஒண்ணும் இல்லன்னா என் கோழியப் பாத்துக் கத்துறா. நானும் பதிலுக்கு அவ அப்பன இழுக்கிறேன். கத்தல கேக்கலன்னாத்தான் எனக்குப் பயம்.

அவளுக்கு ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள ஒரு தடவ என்டோலா பக்கம் வந்தா அவளப் போய்ப் பாருங்க. சுண்ணாம்பு ஆலை ரோட்டுல வந்து வெயில்காரி வீடு எங்கன்னு கேட்டா சின்னப் பிள்ளை கூட காட்டும். உங்களுக்கு வேண்டிய ஒரு தேதிய நெனைச்சுக்கிட்டுப் போங்க. பொழுது சாயுற நேரத்துல மட்டும் பேச்சு குடுக்காதீங்க, அவளுக்கு வேலை இருக்கும். காலைல போனீங்கன்னா தயவுசெஞ்சு குண்டுக்குக் கெழக்குப் பக்கம் நிக்காதீங்க. நின்னா உங்களையும் நிழல்னு எழுதிருவா. பேர் போட மாட்டா, கவலப்படாதீங்க.